டர்போ ஹோஸ் கிழிந்துவிட்டது, புதியது வர நான்கு நாள் ஆகும்: அதுவரை டேப் சுற்றி ஓட்டலாமா?

உங்கள் டீசல் காரில் டர்போ ஹோஸ் கிழிந்து காற்று கசிகிறது. புது ஹோஸ் மதுரையிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய்வந்தாக வேண்டும். டேப் சுற்றி ஓட்டலாமா என்பது கேள்வி. ஓட்டலாம். நான் ஓட்டியிருக்கிறேன், அதுவும் ஒரு டன்னுக்கு மேல் ஆத்தங்குடிக் கல்லை ஏற்றிக்கொண்டு. ஆனால் முதல் தடவை தப்பாகச் சுற்றினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் தரைக்கல் பட்டறை. திருச்சிக்குக் கல் கொண்டுபோக ஒரு டர்போ டீசல் பிக்கப் வைத்திருக்கிறோம். ஒரு சித்திரை மாத மத்தியானம், கானாடுகாத்தான் தாண்டி, எதிரே வந்த பஸ்ஸுக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மிதித்தேன். 'டொப்' என்று ஒரு சத்தம். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று இரைச்சல், வண்டி இழுக்கவே இல்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற ஆளே தெரியாத அளவுக்குக் கரும்புகை. ஓரங்கட்டிவிட்டுத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன். வண்டியைப் பார்க்காமலே, "டர்போ போயிருக்கும், கட்டி இழுத்துட்டு வாங்க" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஹோஸில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கையில் கரண்ட் வேலைக்கு வைத்திருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் இருந்தது. முழுச் சுருளையும் சுற்றிவிட்டு, பெருமையோடு கிளம்பினேன். திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள் டேப் உருகி வழுக்கி, மறுபடி அதே 'உஸ்ஸ்'.

காப்பாற்றியவர் சாலையோரப் பஞ்சர் கடை அண்ணன். டியூபை முக்கிப் பார்க்கிற தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து, என்னை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஹோஸ் மேல் மட்டும் படுகிற மாதிரி ஊற்றினார். நான் பார்த்த கிழிசலில் குமிழி வந்தது. நான் பார்க்காத இன்னொரு இடத்திலும், ஹோஸின் அடிப்பக்கத்தில், குமிழி வந்தது. "டர்போவுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, மூச்சு வெளிய போகுது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். டர்போ, காற்றை அழுத்தி, அந்தச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குள் தள்ளுகிறது. உள்ளே வரும் காற்றை ஏர் பில்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. அந்தக் கணக்கை நம்பி என்ஜின் கம்ப்யூட்டர் டீசலைக் கொடுக்கிறது. அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே கிழிசலில் போய்விட்டால், டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி கரும்புகையாக வெளியே வருகிறது. புகை நீலமாக இருந்தால் கதையே வேறு. அது ஆயில் எரிகிற புகை, டேப்பால் தீராது.

ஐட்லிங்கில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது, ஏனென்றால் அப்போது ஹோஸுக்குள் அழுத்தமே இல்லை. மிதிக்கும்போது 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை ஏறும். கார் டயரில் 32 அடிக்கிறோமே, அதில் பாதி. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் இரண்டு அங்குல வாயுள்ள ஹோஸை அந்த அழுத்தம் கிட்டத்தட்ட 25 கிலோ விசையோடு கழற்றித் தள்ளப் பார்க்கும், அரை மூட்டை சிமென்ட்டின் எடை. வெறும் டேப்பை நம்பி ஓட்டக் கூடாது, திருகி இறுக்குகிற கிளாம்ப் பட்டை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் எந்த ஹோஸ் என்று பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போவது சூடான பக்கம். நம் ஊர் வெயிலில் முழு லோடில் உள்ளே காற்று 150 டிகிரியைத் தொடும். இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்கு வருவது ஆறின பக்கம், ஐம்பது அறுபது டிகிரிதான். ஆறின பக்கம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர், பாதிப் பொருள்கள் அங்கே வேலை செய்யும். மூன்றாவதாக ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸ். அதில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். அங்கே கிழிசல் இருந்தால் சத்தமும் புகையும் குறைவாக இருக்கலாம், ஆபத்து அதிகம். பில்டரைத் தாண்டிய இடம் என்பதால் நம் செம்மண் புழுதி நேராக டர்போவின் இறக்கையில் போய் அடிக்கும். அதை ஒரு ஊசித்துளைகூட விடாமல் அடைக்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.

இன்னொன்று. கசிவது காற்றா ஆயிலா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹோஸின் மேல் ஆயில் பிசுபிசுப்பு இருப்பது இயல்பு. என்ஜின் மூச்சுவிடும் புகையோடு வரும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது, கிழிசல் எங்கே என்று காட்டிக்கொடுப்பதும் அந்தக் கறைதான். ஆனால் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் கசிகிறது என்றால் வண்டியை அங்கேயே அணைத்துவிடுங்கள். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். அந்தக் குழாய்க்குத் தற்காலிகம் என்று ஒன்று கிடையாது.

ஹோஸ் கிழியாமல் கிளாம்ப் தளர்ந்து கழன்றிருந்தால் இதெல்லாம் வேண்டாம். இரண்டு வாயையும் துடைத்து, உள்ளே கடைசிவரை தள்ளி, முறுக்கினால் முடிந்தது. பாதிக் கேஸ் இதுதான் என்பது என் அனுபவம். சில வண்டிகளில் கிளாம்ப்புக்குப் பதில் பிளாஸ்டிக் வாயும் கம்பிக் கிளிப்பும் இருக்கும்; அங்கே உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகியிருக்கிறதா பாருங்கள்.

கிழிசல் ஹோஸின் நுனியில், கிளாம்ப்பை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஹோஸுக்குக் கொஞ்சம் நீளம் மிச்சம் இருந்தால் கிழிந்த துண்டைக் கூரான கத்தியால் நேராக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். என் கருத்தில் இருப்பதிலேயே நம்பகமான தற்காலிக வேலை இதுதான். இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். என்ஜின் ஆடும்போது உருவிக்கொள்ளும்.

நடுவில் கிழிந்திருந்தால்தான் சுற்றுகிற வேலை. சுற்றுவதற்கு முன் துடைப்பது. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். எங்கள் பட்டறையில் கண்ணாடி மேல் சிமென்ட் கலவையை ஊற்றித்தான் கல் செய்கிறோம். கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் அது அப்படியே கல்லின் முகத்தில் விழும். கண்ணாடி துடைக்கிற வேலைக்கென்றே ஆள் உண்டு. இவ்வளவு தெரிந்த நான், அன்று ஆயில் வழிகிற ஹோஸ் மேல் அப்படியே டேப்பைச் சுற்றினேன். என்ஜின் நன்றாக ஆறட்டும். ஹோஸைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, காயவைத்து, கை வைத்தால் வழுக்காமல் பிடிக்கும்வரை துடையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பெட்ரோலில் நனைத்த துணியும் துடைக்கும், ஆனால் சூடான என்ஜின் பக்கத்தில் அந்த யோசனையே வேண்டாம்.

சுற்றுவதற்கு எது நல்லது? பசையே இல்லாத சிலிக்கான் டேப் ஒன்று விற்கிறது. இழுத்துச் சுற்றினால் தன் மேல் தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும், 200 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆன்லைனில் சொன்னால் ஓரிரு நாளில் வந்துவிடும். கடையில் டேப் என்று கேட்டால் வெள்ளை நிற டெஃப்லான் டேப்பை எடுத்துக் கொடுப்பார்கள், அது குழாய் மரைக்கு, இதற்கு இல்லை. அவசரமென்றால் மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள். போர்வெல் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட்டுக்குச் சுற்றும் ரப்பர் டேப் இருக்கும், அதுவும் தன் மேல் ஒட்டிக்கொள்ளும் சாதிதான். நம் பக்கம் போர் இல்லாத தெரு ஏது, எந்தக் கடையிலும் கிடைக்கும். சூட்டிலும் ஆயிலிலும் அது இளகும், அதனால் ஆறின பக்க ஹோஸுக்கு மட்டும்.

டேப்பை நேராகக் கிழிசல் மேல் சுற்றினால் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். அதனால் முதலில் ஒரு கூல்டிரிங்க் டின்னை வெட்டி, அந்த அலுமினியத் தகட்டைக் கிழிசல் மேல் பட்டையாக வையுங்கள். ஓரங்களை மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஹோஸை அதுவே அறுத்துவிடும். அதன் மேல் டேப்பை இரண்டு மூன்று மடங்கு நீளும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி, கிழிசலுக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் தள்ளி வரைக்கும் நாலைந்து அடுக்கு. மேலே இரண்டு கிளாம்ப், கிழிசலின் இரு முனைக்கும் ஒன்றொன்று. நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

பஞ்சர் கடை அண்ணன் எனக்குக் கட்டியது பழைய லாரி டியூபின் பட்டை. கொடியை இழுத்துக் கட்டுகிற மாதிரி காலை ஊன்றி இழுத்துச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டார். காசு வாங்க மறுத்து, கிளாம்ப்புக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கல்லைப் புதுக்கோட்டையில் ஒரு தெரிந்தவர் கிட்டங்கியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஆத்தங்குடி திரும்பினேன். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தபோது அந்த டியூப் ரப்பர், ஆயிலில் ஊறி, ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி தொளதொளவென்று இருந்தது. வீடு வந்து சேர டியூப் போதும். நான்கு நாளுக்கு, தினமும் பார்த்து மாற்றினால்தான்.

ஹோஸ் துண்டாகவே அறுந்துவிட்டால் டேப் எதுவும் நிற்காது. லேத் பட்டறைக்குப் போய் ஹோஸின் உள் அளவுக்கு ஒரு சாண் இரும்புக் குழாய் கடையச் சொல்லுங்கள், இரு முனையிலும் லேசான விளிம்பு வைத்து. விளிம்பு இல்லாவிட்டால் நான் சொன்ன அந்த 25 கிலோ அதை உருவிவிடும். இரண்டு துண்டையும் அதன் மேல் ஏற்றி, பக்கத்துக்கு ஒரு கிளாம்ப். பிசிறு, இரும்புத்தூள் ஒரு பொட்டு இல்லாமல் கழுவித்தான் மாட்ட வேண்டும், போய்ச் சேருகிற இடம் என்ஜின்.

அதே காரணத்துக்காக, உள்பக்கம் சிலிக்கான் கம் பூசுவது, துணியைத் திணிப்பது எல்லாம் வேண்டாம். பிசைந்து ஒட்டும் எபாக்ஸி பசை பிளாஸ்டிக் குழாயின் கீறலில் கொஞ்சம் நிற்கும், நெளிகிற ரப்பரில் ஒரு நாள்கூட நிற்காது. ஹோஸைக் கழற்றிப் போட்டுவிட்டு டர்போ இல்லாமலே ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சென்சார் இல்லாத பழைய என்ஜின்களில் செய்த வேலை அது. இப்போதைய வண்டியில் புகை கக்கும், வாய் திறந்த ஹோஸ் வடிகட்டாத காற்றை உறிஞ்சும், எதிர்ப்பு இல்லாமல் டர்போ அளவுக்கு மீறிச் சுழலும்.

இனி உங்கள் கால். ஹோஸில் எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது டேப் இல்லை, நீங்கள் மிதிக்கிற மிதி. 2000 சுற்றுக்குள் வைத்து, மெதுவாக ஏற்றி, ஐம்பதைத் தாண்டாமல் போனால் டர்போ பெரிதாக அழுத்தாது. தேவகோட்டை–காரைக்குடி சாலையில் ஏற்றமும் இல்லை, இருபது கிலோமீட்டர்தான். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், பஸ்ஸை ஓவர்டேக் செய்யாதீர்கள், நான்கைந்து பேரை ஏற்றாதீர்கள். போய் நின்றதும் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை: டேப் முனை பெல்ட் பக்கமோ சைலன்சர் பக்கமோ தொங்குகிறதா என்று. மறுபடி கரும்புகை வந்தால் அன்றைக்குப் பஸ். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் இதில் கண்டிப்பாக இருங்கள். அதில் கரியைப் பிடிக்கும் பில்டர் இருக்கிறது, கரும்புகையை வெளியே விடாமல் தானே வாங்கி அடைத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவில் ஹோஸ் பல வாங்கலாம். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்து வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம், காற்று குறைகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

புது ஹோஸ் வந்து மாட்டும்போது, பழையது ஏன் கிழிந்தது என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் ரப்பர் தளர்ந்துபோய், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஹோஸை ஒரு பிராக்கெட்டில் தேய்த்திருக்கிறது. அடிப்பக்கத்தில் குமிழி வந்த அந்த இரண்டாவது ஓட்டை அதுதான். ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி அதே பஞ்சர் கடையில் நின்றிருப்பேன். பழைய ஹோஸைத் தூக்கிப் போடவில்லை. நல்ல பாதியை வெட்டி, இரண்டு கிளாம்ப்போடும் ஒரு சிலிக்கான் டேப்போடும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.