மூன்றாம் நாளில் நறநறக்கும் ஐஸ்கிரீம்
முதல் நாள் வழவழப்பாக இருந்த ஐஸ்கிரீம் மூன்றாம் நாள் நறநறக்கிறது, டப்பா ஃப்ரீசர் கதவில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறி, சின்னப் பனிப்படிகங்கள் உருகும். மறுபடி குளிரும்போது அந்த நீர் புதுப் படிகமாக மாறாமல், மிச்சமிருக்கும் பெரிய படிகங்களின் மேலேயே உறையும். படிகம் சுமார் 50 மைக்ரோமீட்டரை (0.05 மில்லிமீட்டர்) தாண்டினால் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

டப்பாவை ஃப்ரீசரின் உள்பக்கம் தள்ளி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். அப்புறம், அடுத்த முறை கலவையில் கொஞ்சம் பால் பவுடர் சேருங்கள். அதன் புரதம் நீரைப் பிடித்துவைக்கும். அளவு மீறினால் பவுடரில் உள்ள பால் சர்க்கரையான லாக்டோஸ் படிகமாகி மணல் போலாகிவிடும், கவனம்.

வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.