போர் ஓய்ந்த நாடுகளில் தேசிய அடையாளம்: கேள்வி பதில்

மதுரை வாசகர் வட்டக் கூடுகையில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளும், அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியரின் பதில்களும். வந்த வரிசையிலேயே தருகிறோம்.

தல்லாகுளம், கல்லூரி மாணவி: சண்டை ஓய்ஞ்சதும் புதுக் கொடி, புதுப் பாட்டுன்னு கொண்டு வர்றாங்களே, அதனால ஏதாவது மாறுதா சார்?

பெரும்பாலும் இல்லை. போஸ்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 டேட்டன் ஒப்பந்தத்தோடு போர் நின்றது. எந்தக் கொடி என்பதில் போஸ்னியாக்குகள் (போஸ்னிய முஸ்லிம்கள்), செர்பியர், குரோவாசியர் மூன்று தரப்பும் ஒத்துவரவில்லை. 1998-ல் ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட சர்வதேச உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டன்டார்ப் தானே ஒன்றை அறிவித்தார். தேசிய கீதத்துக்கு மெட்டு உண்டு, வரிகள் இல்லை. எந்த வரிக்கும் மூவரும் சம்மதிக்கவில்லை.

அதே 1998-ல் வண்டி நம்பர் பிளேட்டும் மாறியது. அதுவரை பிளேட்டைப் பார்த்தாலே வண்டி எந்தப் பக்கத்தது என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம் ஓட்டிப்போகப் பயந்தார்கள். புதிய பிளேட்டில் ஊர் அடையாளம் இல்லை. எழுத்துகளும் லத்தீன், சிரில்லிக் இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கிற ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி மட்டும். சாலையில் மறிக்கிறவனுக்கு ஓட்டுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க வழி இல்லாமல் போனது. இரு பக்கங்களுக்கும் நடுவிலுள்ள எல்லைக் கோட்டைத் தாண்டும் போக்குவரத்து கூடியது.

அதே நாட்டின் அரசியல் சட்டமோ, ஜனாதிபதிக் குழுவில் அந்த மூன்று இனத்தாருக்கு மட்டுமே இடம் என்கிறது. ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும் வழக்குப் போட்டு 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் சட்டம் திருத்தப்படவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: பாட்டைப் பார்க்காதீர்கள், படிவத்தைப் பாருங்கள். படிவம் என்றால் பிளேட், அட்டை, சட்டம் என்று அரசு எழுதி வைப்பது.

உசிலம்பட்டி வாசகர்: ருவாண்டா மாதிரி அடையாள அட்டையில இனத்தையே எடுத்துட்டா வேலை முடிஞ்சதே?

பாதி வேலை. 1930-களில் பெல்ஜிய ஆட்சி ஹுட்டு, துட்சி, துவா என்று அட்டையில் எழுதியது. 1994 இனப்படுகொலையில் சாலைச் சாவடியில் அந்த அட்டைதான் உயிரா சாவா என்று தீர்மானித்தது. அதை எடுத்தது சரி. ஆனால் படுகொலை நினைவேந்தல் என்று வந்தால் ‘துட்சிகளுக்கு எதிரான இனப்படுகொலை’ என்றுதான் அரசே சொல்கிறது. வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆக, அட்டையில் இல்லாத பெயர் பேச்சில் இருக்கிறது. அதை யார், எந்த அளவுக்குப் பேசலாம் என்பதில்தான் சிக்கல். இனப்படுகொலைச் சித்தாந்தம் குறித்த 2008 சட்டம் குற்றத்தை அவ்வளவு தெளிவில்லாமல் வரையறுத்ததால் பிறகு திருத்த வேண்டி வந்தது.

பக்கத்து நாடு புருண்டியிலும் இதே மூன்று பிரிவினர்தான். மருந்து நேர் எதிர். 2005 அரசியல் சட்டம் எண்ணிப் பங்கு போட்டது: தேசிய சபையில் ஹுட்டு 60 சதவீதம், துட்சி 40 சதவீதம், துவாவுக்கு மூன்று இடம், படையில் எந்த இனமும் பாதிக்கு மேல் போகக் கூடாது. விளைவு, இனத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது. 2015-ல் அங்கே கலவரம் வெடித்தது அதிபர் மூன்றாம் முறை நின்றதால். ஒதுக்கீடு அந்த நோய்க்கானது அல்ல. ஒரு நாட்டு மருந்தை அப்படியே இன்னொரு நாட்டு வாயில் ஊற்றாதீர்கள்.

செல்லூர் வாசகர்: தேசியம் நல்லதா, கெட்டதா?

இது பட்டிமன்றத் தலைப்பு. நடுவரைக் கேளுங்கள்.

ஆனையூர் முகாம் வாசகர்: ஐயா, நான் பிறந்தது 1989-ல, இங்கதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கை. நான் எந்த நாட்டுக்காரன்?

தேதியைப் பார்க்க வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பொது விதிப்படி பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகியது: மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. உங்கள் கணக்கு நடுவில் விழுகிறது: பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்று காட்ட வேண்டும்.

எனவே அடுத்த கேள்வி: தாத்தா பாட்டி இலங்கை மலையகத் தோட்டங்களைச் சேர்ந்தவர்களா? 1948 சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத் தமிழர் 9,75,000 பேரை 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு. 1974-ல் அந்த 1,50,000-ஐயும் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். அந்தக் காலத்து இந்தியப் பாஸ்போர்ட், விண்ணப்ப எண், எது வீட்டில் இருந்தாலும் பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள்.

திருமங்கலம், உச்சப்பட்டி, மீண்டும் ஆனையூர்: இந்தியக் குடியுரிமை கிடைக்குமா?

மேலே உள்ளதைப் படியுங்கள்.

விரகனூர் வாசகர்: 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் கிடைக்குமா?

அதில் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றுதான். இலங்கை இல்லை. இந்தக் கேள்வி இத்தோடு போதும்.

மேலூர் வாசகர்: பாட்டுல ஒண்ணுமில்லைங்கிறீங்க. அப்ப இலங்கை சுதந்திர தினத்துல தமிழ்ல பாடினா என்ன, பாடாட்டி என்ன?

திருவாதவூர் வாசகி: மேலூர் அண்ணன் இங்க உக்காந்து சொல்றது சுலபம். 2016-ல தமிழ்ல பாடினப்ப எங்க அம்மா அழுதுச்சு. 2020-ல நிறுத்தினாங்க. ஒண்ணுமில்லாததை எதுக்கு நிறுத்தணும்?

மேலூர்: தங்கச்சி, அழுதா காணாமப் போனவங்க வருவாங்களா?

திருவாதவூர்: பாடாம இருந்தா மட்டும் வருவாங்களா?

இருவரும் பொறுங்கள். தங்கச்சி கேட்டது கூர்மையான கேள்வி. இலங்கை அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதியில் கீதத்தின் தமிழ் வரிகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஓர் ஆண்டு பாடவும் இன்னோர் ஆண்டு பாடாமல் விடவும் முடிகிறது என்றால், உரிமை சட்டத்தில் இருக்கிறது, சாவி விழா நடத்துகிறவர் கையில் இருக்கிறது. அந்த நாட்டுக் கொடியிலும் இதே கதைதான். 1951-ல் தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு பட்டை சேர்த்தார்கள்; ஆனால் சிங்களரைக் குறிக்கும் சிங்கம் தனிக் கட்டத்தில் நிற்கிறது.

மேலூர்: அப்ப நான் சொன்னதும் சரிதானே சார்?

பாதி. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி. 1987-ல் 13-ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. பாட்டு வருஷத்துக்கு ஒரு நாள். போலீஸ் ஸ்டேஷன் 365 நாள். புகாரைத் தமிழில் சொன்னால் எந்த மொழியில் எழுதுகிறார்கள், வாசித்துக் காட்டுகிறார்களா, எதில் கையெழுத்து வாங்குகிறார்கள்? எல்லா ஸ்டேஷனிலும் 24 மணி நேரமும் இருமொழி அலுவலர் வேண்டும் என்று போருக்குப் பின் இலங்கை அரசு அமைத்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ ஆணைக்குழுவே 2011-ல் பரிந்துரைத்தது. மறுபடியும் படிவம்தான்.

திருவாதவூர்: படிவத்துக்கு யாரும் அழ மாட்டாங்க சார்.

அதுவும் உண்மை.

புதூர், பள்ளி ஆசிரியர்: வரலாற்றுப் பாடத்தை எப்படிக் கையாள்கிறார்கள்?

பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள். லெபனானில் உள்நாட்டுப் போரை முடிக்கச் செய்துகொண்ட 1989 தாயிஃப் ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒரே வரலாற்று நூல் வேண்டும் என்றது. குழுக்கள் கூடின, கலைந்தன, நூல் நடைமுறைக்கு வரவில்லை.

திருப்பரங்குன்றம் வாசகர்: போலீஸ்ல கலப்பு வரணும்னா என்ன செய்யணும்?

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல் ஓய்ந்த வட அயர்லாந்தில் 2001-ல் காவல்துறையின் பெயரையும் சின்னத்தையும் மாற்றினார்கள். அதோடு நிற்காமல், தேறியவர்களிடமிருந்து கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று ஆளெடுத்தார்கள். கத்தோலிக்கர் பங்கு சுமார் 8 சதவீதத்திலிருந்து பத்தாண்டில் 30-ஐத் தொட்டது. 2011-ல் விதியை நிறுத்தியதும் ஏற்றமும் ஏறக்குறைய நின்றது.

ஆனையூர், இன்னொரு வாசகி: ஐயா கோவிச்சுக்காதீங்க. நான் 1986, மண்டபம் முகாம்ல பிறந்தேன்.

கோபமில்லை, நீங்கள் முதலிலேயே எழுதியிருக்கலாம். உங்கள் தேதி 1987 ஜூலைக்கு முன். இப்படி 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. முதலில் பிறப்புச் சான்றிதழ். பதிவே இல்லையென்றால் தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மருத்துவமனைக் குறிப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் பதிவேட்டு நகல் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் மாட்டிக்கொள்வது தகப்பனார் பெயரின் முதலெழுத்தில். அதைத் திருத்திய பிறகே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.