தனியாள் படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தனியாக வாழும் ஓர் அம்மாவைப் பற்றி வசனமே இல்லாமல் எட்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். சன்னலோரம் உட்கார்கிறார், காபி ஆற்றுகிறார், பழைய போட்டோவைப் பார்க்கிறார். மூன்றாவது நிமிடத்திலேயே பார்ப்பவர்கள் நெளிகிறார்கள். எங்கே தப்பு?
– வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் சொன்ன மூன்றுமே ஒருவரால் சுலபமாக முடிகிற வேலைகள். அவருக்கு எதிலும் சிரமம் இல்லை, அதனால் நமக்கும் பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை ஒன்றை அவரிடம் கொடுங்கள். காய்ந்த புடவையை மடிப்பதையே எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் துணி. எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு முனையைச் சன்னல் கம்பியில் செருகிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்கிறார். கட்டில் இடிக்கிறது. பாதி மடிப்பில் கம்பியிலிருந்து முனை நழுவித் தரையில் விழுகிறது. மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை ஓரத்தைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொள்கிறார். இதை வெட்டாமல் ஒன்றரை நிமிடம் விட்டாலும் ஓடும், மடித்து முடிப்பாரா என்று பார்க்கத் தோன்றும். முதுகில் தைலம் தேய்ப்பது, ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட் மாட்டுவது என்று இப்படி நிறைய உண்டு. சோக வயலினையும் மனக்குரலையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். புடவையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பெல்ஜியத்தின் ஷான்தால் ஆக்கர்மான் 18 வயதில், 1968-ல் எடுத்த ‘சோத் மா வில்’ கிடைத்தால் பாருங்கள். 13 நிமிடம், ஒரு சமையலறை, ஒரு பெண், நடித்ததும் அவரே. ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தவர் அப்படியே காலிலும் தேய்த்துக்கொண்டே போவார். அந்த இடத்தில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். முடிவு தற்கொலையைப் பற்றியது, மனம் சரியில்லாத நாளில் பார்க்க வேண்டாம்.

கேள்வி: வசனம் இல்லாத படத்துக்கு எதற்குத் தனி ஒலிப்பதிவு? போன் மைக் போதாதா?
– வாசகர், மதுரை

போதாது. அமைதியான அறையில் போன் தானாகவே ஒலியளவை ஏற்றிக்கொள்ளும். டம்ளரைக் கீழே வைத்ததும் சட்டென்று இறங்கும். அடுத்த ஓரிரு நொடியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடு திரும்ப ஏறும். பேச்சு நிறைந்த படத்தில் இது அமுங்கிப்போகும், உங்கள் படத்தில் இதுதான் முன்னால் நிற்கும். ஒலியளவை நாமே பூட்டி வைக்கக்கூடிய ரெக்கார்டரோ செயலியோ வேண்டும். பலத்த சத்தமும் அதன் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மைக் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். திரும்பப் போட மறந்துவிட்டு யாரும் கிளம்ப முடியாது. மின்விசிறியையும் நிறுத்துங்கள். அது ஃபிரேமில் தெரிந்தால் ஓடித்தான் ஆக வேண்டும். அப்போது காட்சி முடியும்வரை ஒரே வேகத்தில் வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் மாறும்.

ஒவ்வொரு அறையிலும் வேலை முடிந்ததும், யாரும் அசையாமல் நின்று, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் இதை அடியில் விரிக்காவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் ஒலி அறுந்து, ஸ்பீக்கர்தான் கெட்டுப்போச்சோ என்று நினைப்பார்கள். அதன் மேல் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் என ஒன்றிரண்டு போதும். அவற்றைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே பதியுங்கள். பக்கத்தில் போய்ப் பதிந்துவிட்டு ஒலியை மட்டும் குறைத்தால் தூரத்துச் சத்தம் போல இருக்காது. கீச்சென்ற பகுதியைச் சுவர் அடக்கிவிடுவதால்தான் நமக்குத் தூரம் தெரிகிறது.

கேள்வி: இரவுக் காட்சிகளில் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன.
– வாசகர், யாழ்ப்பாணம்

நம் இரு நாட்டிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்தால் போய்விடும். டிம்மர் போட்ட எல்.இ.டி. இதற்கும் அடங்காமல் போகலாம், விளக்கையே மாற்றுங்கள். எக்ஸ்போஷரையும் (கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை) பூட்டுங்கள்; ஆள் நடக்க நடக்க அறை வெளுத்துக் கறுக்காது.

கேள்வி: எங்கள் தெருவில் தனியாக வாழும் பெரியவர் ஒருவரை ஆவணப்படமாக எடுக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோவை

அவருடைய பாதுகாப்பை. தனியாக இருக்கிறார் என்று ஊருக்கே சொல்லும் படம் இது. கதவு எண், தெருப்பலகை, பூட்டு, சாவி வைக்கும் இடம், அவர் கோயிலுக்குப் போய் வரும் நேரம் எதுவும் வரக்கூடாது. மாத்திரை அட்டையும் பாஸ்புத்தகமும் பின்னணியில் தெரியும், எடுப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பேருக்கு மேல் உள்ளே போகாதீர்கள். முதல் இரண்டு சந்திப்பில் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். சம்மதத்தை இரண்டு தடவை வாங்குங்கள்: எடுப்பதற்கு முன் ஒன்று, எடிட் செய்த படத்தை அவருக்கே போட்டுக் காட்டிய பிறகு இன்னொன்று. இரண்டாவது முறை அவர் ஒரு ஷாட்டை நீக்கச் சொன்னால், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.