கொண்டை ஊசி வளைவும் 60,000 ரூபாய் எஸ்டிமேட்டும்

கேள்வி: 2018 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான்கு டயரும் வண்டியோடு வந்தவை (165/80 ஆர்14). வாரம் ஒருமுறை பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய் வருகிறேன். வளைவில் வண்டி சாய்கிறது, முன் டயர் கிறீச்சிடுகிறது. மழையில் இறங்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் வெளியே போகிறது. டயர் கடையில் லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்துவது), 15 அங்குல அலாய் ரிம்மில் 205 மி.மீ. அகல டயர், கேம்பர் பெண்டிங் (சக்கரச் சாய்வை வளைத்து மாற்றுவது) எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மூன்றில் ஒன்றுகூட உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. கேம்பர் பெண்டிங்கைக் காசு கொடுத்து வாங்குகிற கெடுதல் என்றே சொல்லலாம்.

முதல் சந்தேகம் டயர் மேல்தான். டயரின் பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1018 என்றால் 2018-ம் ஆண்டு 10-வது வாரம் தயாரானது. பட்டன் (சாலையைத் தொடும் பக்கத்தில் உள்ள வரிப்பள்ளத்தின் ஆழம்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் இத்தனை வருடத்தில் ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஈரத் தார்ச்சாலையைக் கவ்வாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் கொஞ்சமும் பதியவில்லை என்றால் முடிந்தது கதை. சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் போதும். மழைக்கால மலைப்பாதைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போனதை நம்ப வேண்டாம்.

புதிய டயரை அதே அளவில் வாங்கலாம். கொஞ்சம் கூடுதல் பிடி வேண்டுமானால், இப்போதுள்ள ரிம்மிலேயே 185/70 ஆர்14 உட்காரும். டயரின் மொத்த உயரம் 620 மி.மீ.யிலிருந்து 615 ஆகும், அவ்வளவுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ரிம்மையும் மாற்றுவதாக இருந்தால் 185/65 ஆர்15. மேல் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு அது. அதற்கு மேல் போகாதீர்கள். கொண்டை ஊசி வளைவில்தான் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கிறோம். 205 டயர் உள்பக்கம் உரசுவதும் அங்கேதான். ஸ்பிரிங்கையும் தாழ்த்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான்கையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. கையில் காசு இல்லை, இரண்டுதான் முடியும் என்றால் புதிய இரண்டும் பின்பக்கம் போக வேண்டும். கடையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ‘முன்னாடிதான் சார் இழுக்குது, முன்னாடிதான் போடணும்’ என்பார்கள். அவர்கள் சொல்வது தேய்மானக் கணக்கு, உங்களுக்கு வேண்டியது பிடிமானக் கணக்கு. முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங் கையில் லேசாகும், உடனே தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி வழிக்கு வரும். பின் டயர் வழுக்கினால் முன்னறிவிப்பு கிடையாது, வால் சுழன்றுவிடும். இறக்கத்தில் பிரேக் போடும்போது எடை முழுக்க முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடுவதால், வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது இது இன்னும் மோசம். எனவே புதியது பின்னால், பழையதில் நல்ல இரண்டு முன்னால். அந்த இரண்டிலும் 3 மி.மீ. பட்டனாவது இருக்க வேண்டும். உங்கள் டயர்கள் நான்கும் ஒரே வயசு, நான்கும் இறுகிப்போனவை என்பதால் இந்தச் சலுகையை உங்களுக்குக் கொடுக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இடதும் வலதும் வேறுவேறு என்றால் கூடவே கூடாது.

அடுத்தது காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று என அளவு போட்டிருக்கும். குடும்பத்தோடு போகும்போது இரண்டாவது அளவு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த கேஜில் பாருங்கள். பங்க்கில் வருகிற எல்லா வண்டிக்கும் ‘35 போட்டுடலாமா’ என்று ஒரே கேள்விதான். வளைவில் டயர் மடங்குகிறதா என்று தெரிந்துகொள்ள சாக்பீஸ் போதும். முன் டயரின் பட்டன் முடிகிற விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடத்தில் கோடு போட்டு, நாலைந்து வளைவு போய் நிறுத்திப் பாருங்கள். பட்டன் விளிம்பு வரை மட்டும் கோடு அழிந்திருந்தால் சரி. பக்கச்சுவர்க் கோடும் அழிந்திருந்தால் காற்று குறைவு. முன் டயரில் ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 2 பிஎஸ்ஐ வரை ஏற்றிப் பார்க்கலாம். மலை ஏறியபின் காற்றைத் திறந்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும், குளிரில் அது இறங்கவும் செய்யும். ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், கை வைக்காதீர்கள்.

சாய்வுக்கு வருவோம். 68,000 கி.மீ. மலைப்பாதை கலந்து ஓடிய வண்டியில் முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா, ஸ்டெபிலைசர் லிங்க் ஆடுகிறதா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர்) வெடித்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிக் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் ‘டக் டக்’ என்று தட்டினால் பெரும்பாலும் லிங்க்தான். அது விலை குறைந்த சாமான், சாய்வைத் தடுக்கும் கம்பி அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஷாக் மாற்றினால் இடது வலது ஜோடியாக, மேலே உள்ள மவுண்ட்டோடு சேர்த்து.

லோயரிங் ஸ்பிரிங் போட்டால் சாய்வு குறையும் என்பது பாதி உண்மை. இந்த வண்டியை அதிகம் தாழ்த்தினால் முன்னால் உள்ள லோயர் ஆர்ம் கோணம் கெட்டு, வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளம் கூடிவிடும். வேகத்தடையில் அடிவயிறு தட்டுவது தனி. வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் என இரண்டு தலைவலியும் சேரும். அதே சட்டத்தின்படி சொந்தக் காரை 15 வருடம் வரை எஃப்.சி.க்கு யாரும் கூப்பிடுவதில்லை. மொட்டை டயரோடு ஊரெல்லாம் சுற்றினாலும் அதுவரை கேட்க ஆளில்லை என்பது வேடிக்கை.

இப்போது கேம்பர் பெண்டிங். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் அளவுதான் கேம்பர். உங்கள் வண்டியில் அதைத் திருகி மாற்றக் கம்பெனி வழியே வைக்கவில்லை, திருக முடிவது முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். கடைக்காரர் செய்வது, ஹைட்ராலிக் ஜாக்கியை முட்டுக்கொடுத்து ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணை) வளைப்பது. சக்கரக் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் மெஷின் திரையில் சிவப்பு எண் பச்சையாகும், பில் போடுவார்கள். ஸ்ட்ரட்டுக்குள் பிஸ்டன் ராடு ஒருபக்கமாக உரசி, சீல் போய், ஆயில் கசியும். பிறகு ‘ஷாக் போயிடுச்சு சார்’ என்று அதே கடையில் சொல்வார்கள். கேம்பர் உண்மையிலேயே தப்பாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். சிறிய வித்தியாசம் என்றால், ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு) பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, துளையில் உள்ள இடைவெளி அளவுக்குத் தள்ளி இறுக்கலாம். வேலை தெரிந்தவர் அதைத்தான் முதலில் செய்வார். அந்த அலைன்மென்ட் மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காய்கறிக்கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற ஊரில் இதைக் கேட்க ஆளில்லை.

வரிசை முக்கியம்: தேய்ந்த பாகம், டயர், காற்று, கடைசியில்தான் அலைன்மென்ட். ஆடுகிற புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்தால் அடுத்த பள்ளத்தோடு அந்தக் காசு போச்சு. வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு பிரிண்ட்டையும் கேட்டு வாங்குங்கள். முதல் பிரிண்ட் ‘எடுக்கலை சார்’ என்றால் வேறு கடை பாருங்கள். கழற்றிய லிங்க், புஷ், ஷாக் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீல் நட்டுகளை 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.