செவலையின் மடி

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள். மூளையின் மின்துடிப்புக்கும் ஹார்மோன் சுரப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி பிஎச்.டி. செய்யப்போகிறாளாம். அவள் கொடுத்த ஒரு கட்டுரையைப் படித்தேன். குட்டி சப்பினால் தாய் எலிக்குப் பால் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதிலேயே சிலர் ஆயுளைக் கழித்திருக்கிறார்கள். கன்றைக் காட்டினால் பசு சுரக்கும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியாததா? இவர்கள் புதிதாக என்ன கண்டுபிடித்துவிட்டார்கள்? தாயன்பை ‘அன்பு ஹார்மோன்’ என்று சுருக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. அவளை இதில் சேர்த்துவிடலாமா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். பேத்தி பிறந்து ஆறு நாள். மூன்றாம் நாள்வரை பால் சரியாக இறங்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருத்தர் பூண்டு என்கிறார், ஒருத்தர் பால்சுறா என்கிறார், இன்னொருத்தர் டின் பாலை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். குழந்தை அழுகிறது, அவளும் அழுகிறாள். வயதான ஒரு நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் வெளிய போங்க” என்று கதவைச் சாத்தினார். என்னையும் சேர்த்துத்தான். அரைமணி நேரத்தில் உள்ளே அழுகைச் சத்தம் நின்றது. அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை.

‘அன்பு ஹார்மோன்’ என்பது பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர். அதோடு சண்டை போட எனக்கு நேரமில்லை, உங்களுக்கும் வேண்டாம். ஆனால் ‘பாட்டிகளுக்குத் தெரியாததா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது அதன் கன்று செத்துப்போனது. தாத்தா கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து நிறுத்தினார். கண்ணும் இல்லை, காதும் சரியில்லை. செவலை அதை நக்கும். நக்க நக்க மடி இறங்கும். அப்பத்தா செம்பை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்காருவாள். நான் தொழுவத்துக்குள் கால் வைத்தால் போதும், பால் நின்றுவிடும். “டவுனுக்காரப் பயலே, வெளிய போடா! அது அடக்கிக்கிருச்சு பாரு!” ஒருநாள் தொழுவத்துச் சுவருக்குப் பின்னால் ஓலைவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டேன். அன்று செவலை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு விளக்குமாற்றால் கிடைத்தது.

பல வருடம் கழித்து ஒரு கட்டுரையில் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். 1941ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் இதையேதான் செய்திருக்கிறார்கள். பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதிப் படார் படாரென்று வெடித்தார்கள். பால் நின்றது. நான் வெடியோடு நிறுத்திக்கொண்டேன், அவர்கள் நிறுத்தவில்லை. மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டுக் கறந்து பார்த்தார்கள். நரம்பறுந்த பாதியும் சுரந்தது. அப்படியானால் ‘பாலை விடு’ என்ற உத்தரவு மடிக்கு நரம்பு வழியாக வருவதில்லை, இரத்தத்தில் வருகிறது. மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோனாக வருகிறது. பத்திரிகைகளின் ‘அன்பு ஹார்மோன்’ இதுதான். பசு மிரண்டால் சுரக்கும் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் அதைத் தடுத்துவிடுகிறது.

செவலை அடக்கிக்கொள்ளும் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். அடக்குவது எது என்று தெரியாது. எஸ், இதைச் சொன்னால் பாட்டியை மட்டம் தட்டுவதாக நம் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. எந்த ஆராய்ச்சியைக் காட்டினாலும் ‘இது நமக்கு ஏற்கெனவே தெரியும்’. தெரியும் என்றால் பிறகு ஏன் மாட்டுக்காரர்கள் ஆக்சிடோசின் ஊசியைத் தேடித் திரிகிறார்கள்? பாட்டியின் பேரைச் சொல்லி நம்முடைய சோம்பலை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பாட்டி அப்படிப்பட்டவள் இல்லை. வைக்கோல் கன்றை நக்கினால் மடிக்கு எப்படித் தெரிகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “அதுக்குள்ள போயி பாத்துட்டு வந்து சொல்றதுக்கு யாரு இருக்கா?” என்றாள்.

இருந்தார்கள். இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹாரிஸ் என்று ஒருவர். பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் மின்சாரம் செலுத்தி முயலைக் கருமுட்டை விட வைத்ததை 1937ல் எழுதினார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். பிறகு முயலின் தலைத்தோலுக்கு அடியில் கம்பிச்சுருள் ஒன்றைப் பதித்து, வெளியே பெரிய சுருளை வைத்து, முயல் அது பாட்டுக்குத் திரிந்துகொண்டிருக்கும்போதே மூளையைத் தூண்டும் வித்தையைச் செய்தார். மயக்க மருந்தும் கட்டிவைப்பதும் முயலைக் குழப்பிவிடுமே, அதற்காக. அவரோடு சேர்ந்தவர் பாரி கிராஸ், கால்நடை மருத்துவம் படித்தவர். குட்டியே சப்பாமல், பிட்யூட்டரிக்குப் போகும் நரம்பை மின்சாரத்தால் தட்டினாலே முயலுக்குப் பால் பீறிடும் என்று 1950களின் தொடக்கத்தில் இருவரும் காட்டினார்கள். (ஹாரிஸ் 1971ல் போய்விட்டார். அவர் இருந்தே ஆக வேண்டும் என்று சொன்ன ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த கில்லமினுக்கும் ஷாலிக்கும் 1977ல் நோபல் வந்தது. அது வேறு கதை.)

உங்கள் மகள் கொடுத்த கட்டுரை அநேகமாக இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேக்கர்லி, லிங்கன் என்ற இருவர் 1973ல் செய்ததைப் பற்றியதாக இருக்கும். தாய் எலியின் மூளையில், ஆக்சிடோசினை உண்டாக்கும் ஒற்றைச் செல்லின் பக்கத்தில் மயிரிழை போன்ற மின்முனையை நிறுத்திக் காத்திருந்தார்கள். பத்துக் குட்டிகள் விடாமல் சப்பிக்கொண்டிருக்கின்றன. செல் ஏதோ சோம்பலாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. பால் வரவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகிறது. திடீரென்று அந்தச் செல் 20 முதல் 40 மடங்கு வேகத்தில் இரண்டு மூன்று நொடி படபடவென்று அடித்துவிட்டு அடங்குகிறது. பத்துப் பதினைந்து நொடியில் மடியில் அழுத்தம் ஏறிப் பால் பாய்கிறது. சொட்டுச் சொட்டாகக் கசியும் ஆக்சிடோசின் இரத்தத்தில் கரைந்தே போய்விடும். ஒரே மூச்சாக வந்தால்தான் மடி அசையும். சப்புவது ஓயாமல் நடக்கிறது, சுரப்பது மட்டும் விட்டு விட்டு நடக்கிறது. இந்தக் கணக்கு எந்தப் பாட்டிக்குத் தெரியும்? எந்தப் பேராசிரியருக்கும் அதற்குமுன் தெரியாது.

அதோடு விட்டார்களா? மயக்க மருந்து இல்லாத எலிகளுக்கு, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். பால் பாயும் ஒவ்வொரு முறையும் தாய் தூங்கிக்கொண்டிருந்தது. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகள் இருந்தால்தான் பால். தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் குட்டிகள் எவ்வளவு சப்பினாலும் இல்லை. 1980ல் லிங்கன் கூட்டத்தார் இதை எழுதினார்கள். பால் இறங்குவதற்குப் பெண்களுக்குத் தூக்கம் தேவையில்லை, விழித்திருந்தே கொடுக்கிறார்கள். ஆனால் 1948லேயே நியூட்டன் தம்பதியர் பார்த்திருக்கிறார்கள்: பாலூட்டும் தாயின் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தாலும், கால்விரலைப் பிடித்து இழுத்தாலும், மனக்கணக்குப் போடச் சொன்னாலும் பால் குறைந்தது. ஆக்சிடோசின் ஊசி போட்டதும் திரும்ப வந்தது. அதாவது பால் உள்ளே இருந்தது, வெளியே வரத்தான் விடவில்லை. பூண்டும் பால்சுறாவும் பேசிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேரும் என் மகளிடம் மனக்கணக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகள் விஷயத்தை மறந்தே போனேன். சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அவள் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா? எம்.எஸ்ஸி. முடித்தவள், அவளே சேர்ந்துகொள்வாள். சம்பளம், கல்யாணம் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், நான் அதற்கு ஆள் இல்லை. அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒருநாள் அவள் பக்கத்தில் உட்காருங்கள். எலி தூங்கினால்தான் பால் விடுகிறது, முயல் நாளைக்கு ஒரே தடவை, சில நிமிடம், விழித்திருந்தே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. ஏன் இப்படி என்று அவளிடம் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.