மாடித் தோட்டத்தில் வேர் வேகும் காலம்

கேள்வி: வணக்கம் ஐயா. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் அறுபது பைகளில் காய்கறியும் பூச்செடியும் வைத்திருக்கிறேன். பங்குனி பாதி வரை நன்றாகத்தான் இருந்தது. இப்போது மத்தியானம் ஆனால் எல்லாச் செடியும் துவண்டு தொங்குகிறது. பார்க்கப் பொறுக்காமல் அந்த நேரத்திலும் தண்ணீர் விடுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை ஆகிவிட்டது. அப்படியும் தக்காளியில் பூவெல்லாம் கொட்டுகிறது, பிடித்த இரண்டொரு காயும் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. மிளகாய் இலை சுருட்டிக்கொண்டது. குண்டுமல்லித் துளிர் மஞ்சளாக வருகிறது. போன வருஷம் மே மாதம் ஏற்காட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா செடி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. என்ன உரம் போட்டால் சரியாகும்?

பதில்: வணக்கம் அம்மா. உரத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எந்த உரமும் வேண்டாம். கடலைப் பிண்ணாக்கு ஊறல், யூரியா, புதுச் சாணம் எதுவும் கத்திரி வெயில் முடிகிற வரை பைக்குள் போகக் கூடாது. உங்கள் செடிகள் பசியில் வாடவில்லை. வேர் வெந்துகொண்டிருக்கிறது.

தரையில் நட்ட செடிக்கு அரை அடிக்குக் கீழே மண் குளிர்ச்சியாகவே இருக்கும். எவ்வளவு வெயில் அடித்தாலும் வேர் கீழே இறங்கித் தப்பித்துக்கொள்ளும். பையில் இருக்கும் செடிக்கு அந்த வழி இல்லை. பக்கவாட்டில் வெயில் அடிக்கிறது, அடியில் கான்கிரீட் தளம் அடுப்பு மாதிரி காய்கிறது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மாடிக்குப் போய், ஒரு பையின் மேற்குப் பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால், அந்தச் சூட்டில்தான் உள்ளே இருக்கிற வேர் நுனியும் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சுவது அந்த மெல்லிய நுனிகள்தான். பையின் சுவரோரம் அவைதான் நிறைய இருக்கும், முதலில் கருகுவதும் அவைதான். அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது. நீங்கள் மூன்றாவது வேளையாக ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க அங்கே வாய் இல்லை.

இன்னொன்று, மத்தியானத்தில் துவள்வது எல்லாமே நோய் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணி வெயிலில் பூசணி, சுரை போன்ற அகல இலைச் செடிகள் ஈரத்தைக் காத்துக்கொள்ள இலையைத் தொங்கவிடும்; ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை. மறுநாள் விடிகாலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் தொங்குகிறதென்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்தப் பையை நிழலுக்கு நகர்த்தி, மண் ஓரளவு காய்கிற வரை தண்ணீரை நிறுத்துங்கள்.

தண்ணீரின் சூட்டையும் பாருங்கள். மாடியில் இருக்கிற பிளாஸ்டிக் டேங்க் தண்ணீர் சாயங்காலம் வெந்நீராக இருக்கும். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வருவது இன்னும் மோசம். காலை ஏழு மணிக்குள் பை அடியிலிருந்து கொஞ்சம் வழிகிற அளவுக்கு நிறைய ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க ஆறிய தண்ணீர் அது. சாயங்காலம் மேல் மண் காய்ந்த பைகளுக்கு மட்டும், முன்கூட்டியே வாளியில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரை விடுங்கள். மத்தியான வேளையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, வேரை எப்படிக் குளிர வைப்பது? இதில்தான் உங்கள் கைக்காசும் உழைப்பும் போக வேண்டும். முதலில் பைகளைத் தளத்திலிருந்து தூக்குங்கள். செங்கல் இரண்டு வைத்தால் போதும். அடியில் காற்று ஓடினாலே பாதிச் சூடு குறைந்துவிடும். அடுத்து, பைகளை நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். தனித்தனியாக நிற்கும் பை நாலு பக்கமும் காயும்; கும்பலாக நின்றால் ஒன்றுக்கு ஒன்று நிழல். வெயில் தாங்கும் செடிகளை மேற்கு ஓரத்திலும் தாங்காதவற்றை நடுவிலும் வையுங்கள். மேற்கு ஓரப் பைகளுக்கு மட்டும் நனைத்த கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பைகள் இல்லாத தளத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வீட்டுக்குள்ளேயும் வெக்கை குறையும்.

மூடாக்கு, அதாவது பை மண்ணை மூடும் சருகுப் போர்வை, கட்டாயம் வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். மேலே சில்வர் ஓக் மர நிழல், கீழே கால் புதைகிற அளவுக்குச் சருகு. அந்த மண்ணில் எந்த வெயில் நாளில் கை வைத்தாலும் ஜில்லென்று இருக்கும். அதே வேலையை உங்கள் பையிலும் செய்யலாம். காய்ந்த இலை, நிலக்கடலை ஓடு, கரும்புச் சோகை, தேங்காய் நார் என்று எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும்.

மேலே 50 சதவீத நிழல்வலை போதும். 75 சதவீத வலை கட்டினால் செடி வெளிறி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. செடியின் தலைக்கு மேல் மூன்று, நான்கு அடி இடைவெளி விட்டு உயரமாகக் கட்டுங்கள். கட்டும்போது கம்பியை நன்றாக இழுத்து முடிய வேண்டும். சித்திரையில் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும் கோடை மழை, காற்றோடுதான் வரும். தளர்வாகக் கட்டிய வலை அந்தக் காற்றில் செடிகள் மேல் விழுந்து, காப்பாற்ற வந்ததே முறித்துப் போட்டுவிடும்.

இனி உங்கள் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தக்காளி பூ கொட்டுவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் செத்துவிடும், பூ உதிரும். சேலத்தில் ஏப்ரல், மே முழுக்க அப்படித்தான். எந்த டானிக் தெளித்தாலும் அது மாறாது. செடி திடமாக இருந்தால் நுனியை வெட்டி நிழலில் காப்பாற்றி வையுங்கள். நோஞ்சானாக இருந்தால் பிடுங்கிவிடுவதே நல்லது. ஆனிக் கடைசியில் புதிதாக விதை போட்டால், ஆடியில் இருபத்தைந்து நாள் நாற்றாக நடலாம். காய் அடியில் கறுப்பது கால்சியம் சரியாகப் போய்ச் சேராததால் வருகிறது. உடனே முட்டை ஓட்டைத் தேடிப் போகாதீர்கள், அது மண்ணில் கரைய மாதக் கணக்காகும். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் குளமாகிற தண்ணீரால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. மூடாக்குப் போட்டு ஈரம் ஒரே சீராக இருந்தால் அடுத்த காய் நன்றாக வரும்.

மிளகாயில் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று எழுதவில்லை. அதைப் பார்த்துத்தான் மருந்து. ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கியிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி இருந்து இலைக்காம்பும் நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி என்கிற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சாறுண்ணி. இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம். இரண்டையும் வெயில் இறங்கிய பிறகுதான் தெளிக்க வேண்டும், அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் தெளிக்கவும் கூடாது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணிக்கு என் தோட்டத்து மிளகாய்க்குக் கந்தகம் தெளித்தேன். சாயங்காலத்துக்குள் இலையெல்லாம் தீய்ந்து போயிற்று, நாற்பது செடி. அந்த வேதனை இன்னும் இருப்பதால்தான் நேரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், நுனி மொத்தமாகக் கொத்தாகிப் போன கிளைகளை வெட்டி எரித்துவிடுங்கள். மிளகாய் தழைத்து வந்துவிடும்.

ஹைட்ரேஞ்சியா விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் மாறும் என்று வைத்தால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் அந்தச் செடி ஏழெட்டு டிகிரி கூடுதல் சூட்டுக்கு வந்துவிட்டது, அதுவும் மே மாதத்தில். ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், டேலியா இந்த மூன்றையும் கோடையில் கீழே கொண்டுவர வேண்டாம். ஹைட்ரேஞ்சியா தப்பிப் பிழைத்தாலும், அங்கே புளிப்பு மண்ணில் நீலமாகப் பூத்தது இங்கே கார மண்ணில் ரோஜா நிறமாகிவிடும். மலர்க் கண்காட்சிக்குப் போனால் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். மலை ரோஜா வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். கோடை வருவதற்குள் நம் ஊருக்குப் பழகிவிடும்.

நம் வெயிலைக் கொண்டாடுகிற பூக்கள் இருக்கின்றன. பத்து மணிப் பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜீனியா, காகிதப்பூ எல்லாம் மேற்கு ஓரத்தில் நிற்கத் தகுந்தவை. அரளியும் அப்படித்தான், பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாகப் பூக்கிறதே. ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தைகள் வந்து போகும் மாடியென்றால் தவிர்த்துவிடுங்கள். காய்களில் இப்போது விதைக்கத் தகுந்தவை வெண்டை, கொத்தவரை, தட்டைக்காய், தண்டுக்கீரை. விதையை இரவு ஊறவைத்து நேரடியாகப் பையிலேயே போடுங்கள், நாற்று பிடுங்கி நட்டால் இந்தச் சூட்டில் வேர் பிடிக்காது. கீரைக்கு மட்டும் ஊறவைக்க வேண்டாம்.

கடைசியாகக் குண்டுமல்லி. இது அதற்குப் பூக்கும் காலம், அதனால் விட்டுவிடக் கூடாது. இளந்துளிரில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறை. மண்ணிலோ தண்ணீரிலோ காரம் அதிகமானால் மண்ணில் இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாது. பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அது சகஜம். இருந்தால் மேலோடு சுரண்டி எடுத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலையில் நல்ல தண்ணீரை அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். முதல் கோடை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் மல்லிக்குத்தான் அது. இலைக்கு, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கரைப்பதற்கு முன் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நம் தண்ணீரில் அது பழுப்பாகத் திரிந்து வீணாகும். சாயங்காலத்தில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். உரம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

பைக்கு மண் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கப் பக்கத்து மண்ணாக இருந்தால் அதில் மக்னீசியமும் காரமும் தூக்கலாக இருக்கும், மல்லி அதில் தேறாது. இரண்டாவது தெளிப்புக்குப் பிறகும் துளிர் பச்சையாக வரவில்லை என்றால், அரை கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். கார அமில நிலை என்ன என்று தெரிந்த பிறகு எழுதுங்கள், அந்த மண்ணை மாற்றுவதா திருத்துவதா என்று சொல்கிறேன்.