நம்மவரா என்பதற்கு அப்பால்: ஜனாதிபதி வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் முறை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றி வருபவற்றை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கட்சிக்கு வாக்களிக்கலாம் என்று நேரடியாகக் கேட்டவற்றை விலக்கிவிட்டேன். அதற்குப் பதில் சொல்வது என் வேலையன்று.

கேள்வி: நான் அடுத்த தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். வீட்டில் எந்த வேட்பாளரைப் பற்றிப் பேசினாலும் "அவர் எங்கட ஆக்களுக்கு நல்லவரா?" என்ற ஒரே கேள்விதான் வருகிறது. வேறு எதைப் பார்க்க வேண்டும்? (வவுனியா)

உங்கள் வீட்டார் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருடைய காணியையும் தொழிலையும் உயிரையும்கூட இனம் தீர்மானித்த காலத்தை அவர்கள் கண்டவர்கள். ஆகவே கேள்வி தவறானதன்று. ஆனால் அது மட்டும் போதாது.

2019 நவம்பர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து ஏழு மாதங்கள்கூட ஆகாத நிலையில், பாதுகாப்பும் பெரும்பான்மையினரின் அடையாளமும் மேடைகளை ஆக்கிரமித்திருந்த அந்தத் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளைப் பெற்று வென்றார். அவர் பதவியேற்று இரண்டு வாரங்களுக்குள் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. இவற்றில் எதுவும் இனம் பார்த்து வந்து விழவில்லை. கிளிநொச்சி வயலுக்கும் பொலன்னறுவை வயலுக்கும் உரம் ஒரே நாளில்தான் இல்லாமல் போனது. "எங்கட ஆள்" என்று நம்பி வாக்களித்தவர்களும் அதே எரிபொருள் வரிசையில்தான் இரவைக் கழித்தார்கள்.

உர விடயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயற்கை விவசாயத்துக்குப் 10 ஆண்டுகளில் மாறுவதாகவே கோட்டாபயவின் தேர்தல் விஞ்ஞாபனம் கூறியிருந்தது. அந்தப் பத்தாண்டுத் திட்டம், விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்த பிறகும், ஒரே வர்த்தமானி அறிவித்தலாகச் சுருங்கியது. 2021 நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோது பெரும்போகத்துக்கான விதைப்புக் காலம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. கொள்கை சரியா பிழையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தனக்குப் பிடிக்காத ஆலோசனையை ஒரு வேட்பாளர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதே என் பார்வையில் பெரிய கேள்வி. அதற்கான விடையை மேடைப் பேச்சில் தேடிப் பயனில்லை. அவர் முன்பு அமைச்சராகவோ செயலாளராகவோ இருந்திருந்தால், அந்த நிறுவனங்களைப் பற்றிக் கணக்காய்வாளர் நாயகம் என்ன எழுதினார், அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் கோப் குழுவின் முன் எவை அம்பலமாயின, மாற்றுக் கருத்துச் சொன்ன அதிகாரிகளுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: பதவிக்கு வருமுன் எல்லோரும் ஜனநாயகவாதிகளாகவே பேசுகிறார்கள். அதிகாரம் கிடைத்தபின் எப்படி நடப்பார்கள் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? (கொழும்பு)

ஓரளவுக்கு உண்டு, நம் நாட்டில் அதற்கான பதிவு வியக்கத்தக்க அளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது. 2010 இல் நிறைவேறிய 18 ஆவது திருத்தம் ஜனாதிபதி இரு தடவைகளே பதவி வகிக்கலாம் என்ற வரம்பை நீக்கியது; 2015 இல் 19 ஆவது திருத்தம் அதை மீட்டதுடன், அரசியலமைப்புப் பேரவையின் ஊடாக ஜனாதிபதி செய்யும் உயர் பதவி நியமனங்களுக்குக் கடிவாளம் போட்டது; 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் அந்தக் கடிவாளத்தை அறுத்தது; 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் அதில் ஒரு பகுதியை மீண்டும் கட்டியது. 19 இன்போது பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரேயொருவர். 20 ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக 156 வாக்குகளும் எதிராக 65 வாக்குகளும் விழுந்தன. அதிகாரத்தைக் குறைப்பதற்கும் அதைக் கூட்டுவதற்கும், ஐந்தே ஆண்டு இடைவெளியில், அதே கையை உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் பெயருடன் இருக்கிறது.

2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி, பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, இன்றைய தலைவர்கள் ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள் என்பதும் நல்ல உரைகல். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் டிசம்பர் 13 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபின் அதை வாழ்த்தியவர்களைவிட, வருமுன் தம் கட்சிக்கு நட்டமாகும் என்று தெரிந்தும் கலைப்பை எதிர்த்தவர்களுக்கே நான் மதிப்பெண் கொடுப்பேன்.

கேள்வி: ஊழல் செய்யாதவர் என்றால் போதாதா? (புத்தளம்)

போதாது. ஏப்ரல் 21 தாக்குதல்கள் பற்றி முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, அப்போது பாதுகாப்பு அமைச்சையும் தம்மிடம் வைத்திருந்த சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த வழக்கின் மையம் பணமன்று, கடமையில் தவறியதே. கை சுத்தமாக இருப்பதுடன் கோப்பை வாசிக்கும் பழக்கமும் வேண்டும்.

சொத்து விபரம், தேர்தல் செலவு ஆகிய இரண்டையும் சரிபார்க்க இப்போது சட்டம் இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் வரையே செலவிடலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. நாடெங்கும் பதிவான வாக்காளர்களைக் கொண்டு பெருக்கினால் அது 186 கோடி ரூபாயைத் தாண்டும். வரம்பு தாராளமானதுதான்; எனினும் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இருப்பது நல்லது.

கேள்வி: ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டச் சம்பளத்தைக் கூட்டுவோம் என்கிறார்கள். எந்த வாக்குறுதியை நம்புவது? (ஹற்றன்)

தொகையைக் கேட்காமல், அதை வழங்கும் வழியைக் கேளுங்கள். 2024 மே மாதத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வெளியானது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை விழுந்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமே. ஜனாதிபதி நினைத்தவுடன் தனியார் கம்பனி கொடுத்துவிடாது. "சம்பள நிர்ணய சபையில் எப்படி நிறைவேற்றுவீர்கள், கம்பனிகள் மறுத்தால் குத்தகை ஒப்பந்தங்களை என்ன செய்வீர்கள்?" என்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், வேட்பாளரின் பிரதிநிதி தரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: அடையாளத்தைத் தாண்டிப் பாருங்கள் என்பது, தமிழரின் கோரிக்கைகளை மறந்துவிடுங்கள் என்பதற்கு நாகரிகமான பெயர்தானே? (யாழ்ப்பாணம்)

அந்தச் சந்தேகம் நியாயமானது. அப்படிப் பொருள்பட இதைச் சொல்பவர்களும் உண்டு. நான் சொல்வது வேறு. கோயிலில் அர்ச்சனை செய்தார், பொங்கலுக்குத் தமிழில் வாழ்த்தினார் என்பவை கோரிக்கைகளுக்கான பதில்கள் அல்ல. கோரிக்கைகளைத் திகதியும் சட்டமும் உள்ள கேள்விகளாக மாற்றுங்கள்.

வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் நிர்வாகம் ஆளுநரிடம் போனது. தேர்தல் தள்ளிப்போனதற்குச் சொல்லப்பட்ட காரணம் தேர்தல் தொகுதிகளின் எல்லை நிர்ணயம். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த தரப்பிலிருந்துகூட ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. ஆகவே "மாகாண சபைகளை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் எவரும் ஆம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். "எந்தத் தேர்தல் முறையில், எந்த மாதத்துக்குள் நடத்துவீர்கள்?" என்ற கேள்விக்கு அப்படித் தப்ப முடியாது. 1979 இல் தற்காலிகமானதென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றியும் இப்படியே கேட்கலாம்: நீக்குவீர்களா, நீக்கும்வரை அதன் கீழ் கைது செய்வதை நிறுத்துவீர்களா, பதிலாக வரும் சட்டத்தின் வரைவு எங்கே?

கேள்வி: எனக்குப் பிடித்தவர் வெல்லமாட்டார் என்று தெரியும். அவருக்குப் போடும் வாக்கு வீண்தானா? (மட்டக்களப்பு)

வீணாகாமல் செய்யச் சட்டமே வழி வைத்திருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என மூவருக்கு விருப்பு வரிசை இடலாம். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதலிரு இடங்களைப் பெற்றவர்கள் மட்டும் எஞ்ச, மற்றையோரின் வாக்குச்சீட்டுகளில் அவ்விருவருக்கும் உள்ள அடுத்த விருப்புகள் எண்ணப்படும்.

2024 செப்டெம்பரில் முதன்முறையாக அந்த நிலை வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றிலிருந்து முதலிருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. ஏறத்தாழ 30 இலட்சம் பேர், இறுதிப் போட்டியில் இருந்த இருவரில் யார் தம்மை ஆள்வது என்பதில் கருத்தே சொல்லவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளரான பா. அரியநேத்திரன் பெற்ற 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகளும் இந்த நீக்கப்பட்ட வாக்குகளுள் அடங்கும்.

ஆகவே அடையாளத்துக்காகவோ கொள்கைக்காகவோ ஒருவருக்கு 1 இடுவது உங்கள் உரிமை. 2 ஐயும் 3 ஐயும் இடும்போது மேலே சொன்னவற்றை வைத்து, வெல்லக்கூடியவர்களுள் யார் பரவாயில்லை என்று தீர்மானியுங்கள். வரிசை இடுவதாயின் எண்களாலேயே இடுங்கள். ஒருவருக்குப் புள்ளடியும் இன்னொருவருக்கு எண்ணுமாகக் கலந்து எழுத வேண்டாம்.